பதினோரு கூடை

அன்பு மகனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை உன் மகள் பள்ளி வேனைத் தவறவிட்டாள். வேன்காரர் கீழே நின்று மூன்று முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தவறு உன் மனைவியுடையது இல்லை, என்னுடையது. இதை முதலில் எழுதிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் தடுப்பூசி போட்டதில் வந்த காய்ச்சல் ஒரே நாளில் இறங்கிவிட்டது. ஊரில் உன் அம்மா கடையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இல்லாத இந்த இரண்டு வாரத்தில் வியாபாரம் துளியும் குறையவில்லை என்று தினமும் போனில் சொல்லிக்காட்டுகிறாள். உன் கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும் என்றும், ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்தால் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்கள். போனில் இதைப் பேச முடியாது. பாதியில் லைன் அறுந்துபோகும், அறுந்துபோகாத பாதியில் நீ குறுக்கே பேசுவாய்.

நீ என்னை எதற்கு இங்கே அனுப்பினாய் என்பதை ஒருமுறை திருப்பி எழுதிவிடுகிறேன். வியாபாரத்தில் இது நல்ல பழக்கம், பிறகு யாரும் நான் அப்படிச் சொல்லவில்லையே என்று நழுவ முடியாது. ஒவ்வொரு முறை வீடியோவில் பேசும்போதும் பின்னால் வீடு சந்தை கலைந்த மாதிரி கிடக்கிறது என்றாய். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளால் சமாளிக்க முடியவில்லை என்றாய். வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்காமல் காலி செய்துவிட்டு மூன்று பேரையும் நம் வீட்டுக்கே அழைத்துப்போய்விடலாம், அப்பா ஒருமுறை நேரில் பார்த்து முடிவு சொல்லட்டும், அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றாய். இதுதானே?

நான் வியாழக்கிழமை வந்து இறங்கினேன். இந்தப் பக்கம் கொள்முதல் வேலை இருக்கிறது, பத்து நாள் தங்குவேன் என்று மருமகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் பையை வாங்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், முதல் பார்வைக்கு நீ சொன்னது சரி என்றுதான் பட்டது. ஹாலில் பாய் விரித்த மூலையில் கால் வைக்க இடமில்லை. கட்டைகள், கிழிந்த படப் புத்தகங்கள், சக்கரம் போன லாரி, ஒரு கண் மட்டும் உள்ள பொம்மை. இதைவிட எனக்குப் பொறுக்காதது வீடு முழுக்க ஆங்காங்கே வைத்திருந்த பிளாஸ்டிக் கூடைகள். எண்ணினேன், பதினொன்று. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுக் கூடை. அதற்குள் ஒரு சீப்பு, ஒரு ஜோடி சாக்ஸ், தண்ணீர் பாட்டில், இரண்டு ரப்பர் பேண்ட், ஒரு சின்னத் துண்டு, ஷூ துடைக்கிற பிரஷ். கட்டிலுக்குக் கீழே ஒரு நீலக் கூடை. அதிலும் ஒரு துண்டு, ஒரு ஸ்பூன், தெர்மாமீட்டர், மருந்து பாட்டில், கதைப் புத்தகம். காய்ச்சல் மருந்தோடு கதைப் புத்தகத்துக்கு என்ன வேலை?

நான் தள்ளுவண்டியில் ஆணியும் திருகும் விற்று ஆரம்பித்தவன். இன்று கடையில் நாலாயிரம் வகைச் சாமான் இருக்கிறது. அரை அங்குலத் திருகு கேட்டால் விளக்கு இல்லாமல் போய்க் கை வைத்து எடுப்பேன். திருகு திருகோடு, வாஷர் வாஷரோடு. அதுதான் நான் கற்ற ஒரே பாடம், அதுதான் நம் குடும்பத்துக்குச் சோறு போட்டது. என் கடையில் ஒரு ஆள் இப்படிச் சீப்பையும் சாக்ஸையும் ஒரே இடத்தில் போட்டிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெரியவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மருமகள் சின்னவனைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்குக் கிளினிக் போனாள். நாலு மணி நேரம் ஆகும் என்றாள். சட்டைக் கையை மடித்தேன். பதினோரு கூடையையும் ஹாலில் கவிழ்த்தேன். ஆகா, எத்தனை வகைச் சரக்கு! எல்லாவற்றையும் இனம் பிரித்தேன். சாக்ஸ் எல்லாம் ஒரு பெட்டி, நாற்பத்தி மூன்று இருந்தது, அது எப்படி ஒற்றைப்படையில் வரும் என்று கேட்காதே. பாட்டில்கள் ஒரு தட்டு, பாட்டில் மூடிகள் வேறு தட்டு. சீப்புகள் குளியலறை அலமாரியில். மருந்துகள் எல்லாம் சமையலறை மேல்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல். துண்டுகள் பீரோவில். தலையுள்ள பொம்மைகள் ஒரு பெட்டி, தலையில்லாதவை ஒரு பெட்டி, தலைகள் மட்டும் ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் காகிதம் வெட்டி லேபிள் எழுதி ஒட்டினேன். கூடைகளைக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பால்கனியில் கவிழ்த்து வைத்தேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டி ஒரு படம் போட்டாய். நினைவிருக்கிறதா? அந்தக் கட்டைவிரலும் இந்தக் குற்றத்தில் பங்குதாரர்தான்.

மருமகள் வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலிலிருந்தே பெட்டிகளைப் பார்த்தாள். ரொம்ப நல்லா இருக்கு மாமா என்றாள். உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் வியாபாரம் செய்தவனுக்குப் புத்தி எங்கே போயிற்று பார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு விலை கேட்காமல் போகிற ஆள் எந்தக் காலத்திலும் வாங்குகிற ஆள் இல்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சின்னவனுக்கு உடம்பு சுட்டது. அவன் அழ, இவள் அவனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கையை விட்டாள். பழக்கத்தில் கை போகிறது, அங்கே கூடை இல்லை. மருந்துக்குச் சமையலறை, தெர்மாமீட்டருக்கு என் 'கருவிகள்' பெட்டி, ஸ்பூனுக்கு ஸ்பூன் தட்டு, நெற்றியில் போட ஈரத்துணிக்குப் பீரோ. நாலு தடவை நடந்தாள், பிள்ளை தோளில் கத்திக்கொண்டே இருக்கிறான். உதவுகிறேன் என்று நானும் ஓடினேன். நான் ஒட்டின லேபிளை என்னாலேயே படிக்க முடியவில்லை, கண்ணாடியைக் காணோம். அதை எந்த இனத்தில் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் பிள்ளை மருந்து குடித்தான், ஆனால் படுக்க மாட்டேன் என்கிறான். அந்தக் கதைப் புத்தகம் வேண்டுமாம். காய்ச்சல் என்றால் அந்தக் கதைதான் அவனுக்கு. அது ஏன் மருந்தோடு கிடந்தது என்று அப்போது புரிந்தது. இவ்வளவுக்கும் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள்தான் வேன் தவறியது. அதுவரை நான் ஒரு நாளும் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. ஏழு மணிக்கு நடக்கப் போவேன், எட்டரைக்குத் திரும்பினால் பெரியவள் பள்ளிக்குப் போயிருப்பாள், எனக்குக் காப்பி தயாராக இருக்கும். பிள்ளை தானாகவே பள்ளிக்கூடம் போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மழை. நடக்கப் போகவில்லை, பார்த்தேன். பெரியவள் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சாக்ஸ் பெட்டியில் நாற்பத்தி மூன்றில் ஒரு ஜோடி தேடுகிறோம். சீப்பு குளியலறையில், குளியலறைக்குள் சின்னவன். பாட்டில் கிடைத்தது, மூடி வேறு தட்டில், எல்லா மூடியும் ஒரே மாதிரி, ஒன்றும் சேரவில்லை. கீழே ஹாரன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, தாத்தா, காலைக் கூடை எங்கே என்று கேட்டாள். அப்போதுதான் அந்தக் கூடைக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியும்.

குடையைப் பிடித்துக்கொண்டு நானே அவளை நடத்திக் கூட்டிப்போனேன். வழி நெடுக எனக்குப் பாடம் நடந்தது. நான் அவளை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறேன், ஐந்து வயதுக்கு அப்படி ஒரு கணக்கு கேட்கிற வாய். சின்னவன் புல்டோசர். காலைக் கூடை, குளியல் கூடை, காய்ச்சல் கூடை, வெளியே போகிற கூடை, தூக்கக் கூடை என்று விரல் மடக்கினாள். அழுகைக் கூடை என்றுகூட ஒன்று இருக்கிறது. அதில் பிளாஸ்திரி, ஒரு பிஸ்கட் பாக்கெட், அந்த ஒற்றைக் கண் பொம்மை. தம்பி விழுந்தால் அம்மா அதை எடுப்பாள், அது மட்டும் போதுமாம். கூடையில் பொருள் தீர்ந்தால் அன்று சாயங்காலமே நிரப்பி வைக்க வேண்டும், அது ஆடிட்டரின் வேலை. ஒவ்வொரு வேளைக்கும் என்ன வேண்டுமோ அத்தனையும் அந்த வேளை நடக்கிற இடத்திலேயே, ஒரு கை நீட்டில் இருக்கும். ஏனென்றால் அவள் அம்மாவின் இன்னொரு கையில் எப்போதும் தம்பி இருக்கிறான்.

பள்ளிக்கூட வாசல் வந்தபோது கேட்டாள், "உங்க கடையில கூடையே இல்லையா தாத்தா?"

எங்கள் கடையில் எல்லாம் இனம் இனமாக இருக்கும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப வீட்டுல குழாய் ஒழுகினா எந்தக் கூடைய எடுப்பாங்க?"

அவள் உள்ளே ஓடிவிட்டாள். நான் அந்தக் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றேன். குழாய் ஒழுகுகிறது என்று வருகிற ஆள் நம் கடையில் என்ன செய்கிறான் என்று நினைத்துப் பார். வாஷருக்கு ஒரு பக்கம், சுற்றுகிற டேப்புக்கு ஒரு பக்கம், ஸ்பேனருக்கு ஒரு பக்கம், பிறகு குழாயே மாற்ற வேண்டும் என்று தெரிந்து இன்னொரு பக்கம். பாதிப் பேர் எதையாவது மறந்துவிட்டு இரண்டாம் தடவை வருவார்கள். அல்லது பக்கத்துக் கடைக்குப் போவார்கள். முப்பது வருடமாக வாடிக்கையாளனை நாலு தடவை நடக்க வைத்திருக்கிறேன், முந்தின நாள் சாயங்காலம் உன் மனைவியை நடக்க வைத்த மாதிரியே.

திரும்பி வந்தபோது மருமகள் ஹாலில் உட்கார்ந்து கூடைகளை மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். லேபிள்களைக் கிழித்துப் போட்டேன். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வராது, உனக்குத் தெரியும். அதனால் எதை எதில் வைக்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்குத்தான் அவள் விவரமாகச் சொன்னாள். விளையாட்டுச் சாமானில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே இருக்கும். மீதியை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மூட்டை மாறும், பழைய லாரி புது லாரி ஆகிவிடும். புதிதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும், எது போகும் என்பதைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். நான் வாங்கிவந்த மரக் குதிரைக்காக ஆடிட்டர் எதைக் கொடுத்தாள் தெரியுமா? போன வருடம் நான் வாங்கிக்கொடுத்த மரக் குதிரையை.

கலைத்துப் போட அவர்களுக்கு அந்தப் பாய் மூலை மட்டும்தான். பாய்க்கு வெளியே ஒரு கட்டை கிடந்தால் அது அன்றைக்குப் பரணுக்குப் போய்விடும். இப்போது கவனமாகப் படி. போனுக்குச் சார்ஜ் போடுகிற இடம் அந்தப் பாய் மூலைக்கு மேலேதான் இருக்கிறது. சிக்னலும் அங்கேதான் நிற்கிறது. பிள்ளைகள் உன்னோடு பேச ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்வதும் அங்கேதான். கப்பலேறின இந்த எட்டு மாதமாக நீ பார்த்தது வீட்டை இல்லை, வீட்டில் சரக்கு இறக்குகிற இடத்தை. கடைக்குப் பின்னால் லாரி நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டுக் கடை சரியில்லை என்று சொல்கிற ஆளை நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். உன் மரியாதைக்காக அதை இங்கே எழுதவில்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் கையிலிருந்த கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. கடைய விலைக்குக் கேக்க வர்றவங்க டீ குடிக்கத்தான் வந்தேன்னு சொல்லுவாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. காலி பண்றதுன்னு முடிவாயிடுச்சா?"

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அங்கே வந்தால் உனக்கும் ஒத்தாசை, அத்தை இருக்கிறாள், நான் இருக்கிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. அத்தையோடு தனக்கு ஒரு குறையும் இல்லை என்றாள். பிறகு சொன்னாள்:

"இந்த வீட்டுல எந்தப் பொருள் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அங்க வந்தா ஒரு ஸ்பூன் எடுக்கக்கூடக் கேட்டுட்டு எடுக்கணும் மாமா."

நான் வியாபாரி. சொன்னதை அப்படியே நம்புகிற பழக்கமில்லை. சாயங்காலம் வரை பொறுத்திருந்து, சரி, கண்ணை மூடு என்றேன். பள்ளி விட்டு வந்த ஆடிட்டர் சாட்சி. பத்துப் பொருள் கேட்டேன். மின்சார பில், சின்னவனின் தடுப்பூசி அட்டை, குடை, ஊசி நூல், உன் பழைய கைக்கடிகாரம், எல்லாம். நிறம், தட்டு, எந்தப் பக்கம் என்று கடகடவென்று சொன்னாள். ஆடிட்டர் ஓடி ஓடி எடுத்து வந்து சரி, சரி என்றாள். ஒன்பது சரி. சின்னக் கத்தரிக்கோல் மட்டும் தவறு. அது அவள் சொன்ன இடத்தில் இல்லை. வீடு முழுக்கத் தேடினோம். லேபிள் வெட்டிவிட்டு என் சட்டைப் பையிலேயே போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வரி ஆபீஸர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மகனே, நான் பல பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன். பல குடோன் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையால், சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல் இப்படிச் சரக்கு நடத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை. இவள் நம் வீட்டு மருமகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதை அவளிடமும் சொல்லிவிட்டேன், ஆடிட்டர் முன்னிலையில்.

உன் அம்மாவிடமும் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். உன் அம்மா சிரித்துவிட்டு, "முப்பது வருஷம் கழிச்சு இப்பதான் சரக்கு வந்து சேந்துச்சா?" என்றாள். அவளை நான் ஒரு நாளும் இப்படிப் பாராட்டியதில்லை, அதனால் பேச்சை மாற்றினேன். பேச்சை மாற்றினாலும் அவள் மறுநாளே கடையில் வேலையை ஆரம்பித்துவிட்டாள். கல்லாவுக்குப் பக்கத்தில் மூன்று டிரே. குழாய் ஒழுகினால் ஒன்று, சுவரில் படம் மாட்ட ஒன்று, கதவு கிரீச்சிட்டால் ஒன்று. மருமகள் இங்கிருந்து என்னென்ன வைக்க வேண்டும் என்று எழுதிச் சொன்னாள். கதவு டிரேயில் எண்ணெயோடு ஒரு பழைய துணியும் வைக்கச் சொன்னாள். எண்ணெய் போட்டவன் கையை எங்கே துடைப்பான் என்று கேட்டாள். எனக்குத் தோன்றவே தோன்றாது. வந்த ஆட்கள் டிரேயோடு வாங்கிப் போகிறார்கள் என்று உன் அம்மா சொல்கிறாள். இன்னும் முப்பது வகை போடலாம்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். வீடு காலி செய்யப்படாது. நேற்று வீட்டுக்காரரைப் பார்த்தோம். நான் பேசலாம் என்று போனேன், பேசியது மருமகள். அதே வாடகை, இரண்டு வருடம், பால்கனிக் கதவை அவரே சரிசெய்து தர வேண்டும். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தத்தில் முதலில் உன் பெயரை மட்டும் போட்டார்கள், அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

நீ பத்திரமாக இருக்க வேண்டும். உன் இன்ஜின் ரூமில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு ஆணி என்று பெருமையாகச் சொல்வாய். அது உன் வீடு, அங்கே அதுதான் சரி. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது உனக்கு நான் ஒரு நாளும் சாக்ஸ் மாட்டிவிட்டதில்லை. கடை திறக்க ஆறு மணிக்கே போய்விடுவேன். இப்போது மாட்டிவிடலாம் என்றால் உன் கால் என் காலைவிடப் பெரிது. உன் மகளின் கால் இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் வேகமாக வளர்கிறது. போன வாரம் வாங்கின ஷூ இப்போதே இறுக்கிப் பிடிக்கிறது என்கிறாள்.

மருமகளும் நானும் உன் சார்பில் பேசி முடித்த விவரம் வருமாறு. கடைக்கான டிரே பட்டியலை அவள் இங்கிருந்தே எழுதித் தருவாள். நான் மொத்தமாக ஒரு தொகை தருகிறேன் என்றேன், வேண்டாம், விற்கிற ஒவ்வொரு டிரேயிலும் பங்கு என்றாள். நூற்றுக்கு மூன்று என்றேன். நாலு, இல்லையென்றால் உங்கள் பக்கத்துக் கடைக்காரர் நம்பர் கொடுங்கள் என்றாள். நாலு என்று முடிந்தது. நான் வரும்போதெல்லாம் எந்தக் கூடையிலும் கை வைக்க மாட்டேன், கத்தரிக்கோல் எடுத்தால் வைத்த இடத்தில் வைப்பேன். நீ லீவில் வந்ததும் முதல் பதினைந்து நாள் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை காலைக் கூடை உன் பொறுப்பு, வேன் தவறினால் நீ நடத்திக் கூட்டிப்போக வேண்டும், அந்த ஒரு மணி நேரமும் அவள் தூங்குவாள். உன் சார்பில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆடிட்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

ஆசிகளுடன்,
அப்பா